உச்சியில காளான் எதுக்குலே?

வா மக்கா, இரி. அந்த ஃபோன மடக்கி வை. ஜி.பி.எஸ். பெட்டிக்கு உள்ள இருக்க ஆண்டெனா போதுமா, வெளிய தனியா ஒண்ணு மாட்டணுமா, இதானே சங்கதி? துறை பூரா இதையே கேட்டுக்கிட்டுத் திரியுதியாமே. ஐஸ் பிளாண்டுக்காரங்கிட்ட கேட்டியாம். டீசல் பங்குல கேட்டியாம். வலை முடிஞ்சுக்கிட்டிருந்த கிழவிகிட்டயும் கேட்டு, அவ ஊசியக் காட்டி வெரட்டுனாளாம். கடைசியிலதான் இந்தப் பாட்டா நெனப்பு வந்துருக்கு. இருக்கட்டும். காசு வாங்காத வைத்தியன்கிட்ட எவன் மொதல்ல போவான்?

மொதல்ல நான் ஒண்ணு கேக்கேன். ஒன் கேபின் கூரை எதுல செஞ்சது?

பாரு, முழிக்க. எஞ்சின் எத்தன குதிரைன்னு தெரியும். அணியத்துல மாதா படம் வரைஞ்ச ஆர்ட்டிஸ்டு பேரு தெரியும். ஆண்டெனா எந்த நாட்டுல செஞ்சது, என்ன வெலை, டப்பா மேல எத்தன நட்சத்திரம், எல்லாம் தெரியும். தலைக்கு மேல இருக்க கூரை மட்டும் தெரியாது. லேய், கடையில பாக்க வேண்டியதுக்கு முந்தி வள்ளத்துல பாக்க வேண்டியது இருக்குல்லா?

அந்த சாட்டிலைட்டு எம்புட்டு ஒயரத்துல சுத்துதுன்னு நெனைக்க? 20,200 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஆறு தடவ அளந்தாலும் மிச்சம் இருக்கும். அங்கன இருந்து அது அனுப்புறது அம்பது வாட்டு சுமாருக்குத்தான். பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியும், அம்புட்டுதான். இஞ்ச வந்து சேரும்போ அதுல என்ன மிச்சம் இருக்கும்? சும்மா கெடக்குற இரைச்சலுக்கும் அடியில கெடக்கும். அதப் பெட்டி பொறுக்கி எடுத்துக் கணக்குப் போடுது. கண்டுபிடிச்சவனுக்கு ஒரு கும்பிடு.

ஆனா ஒண்ணு கேட்டுக்க. நம்ம பெட்டி மேல எதையும் அனுப்புறது இல்ல. கேக்க மட்டும்தான் செய்யும். "பெரிய ஆண்டெனா வச்சா சாட்டிலைட்ட இழுத்துப் பிடிக்கும் பாட்டா"ன்னு ஒரு பய எங்கிட்டயே வந்து சொல்லுதான். என்னத்த இழுக்கும்? கயிறு போட்டா? அதுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, நடுவுல மறைப்பு இல்லாத வானம். உள்ள ஆண்டெனாவா வெளி ஆண்டெனாவாங்கிற பஞ்சாயத்தே இல்ல மக்கா இது. கூரைப் பஞ்சாயத்து.

துறைமுகத்து ரிப்பேர் கடையில போன சீசன்ல ஒரு கூத்து நடந்துச்சு. தெக்குத் தெருப் பையன் ஒருத்தன் வெளி ஆண்டெனா ஒண்ணக் கொண்டாந்தான். வெள்ளையா காளான் மாதிரி நிக்குமே, அதுதான். நங்கூரம் வந்து மோதி விண்டு போச்சு. மெக்கானிக்கு ஸ்க்ரூ டிரைவரக் குடுத்து நெம்பி மூடியக் கழட்டிட்டான். உள்ள என்ன இருந்துச்சுங்க? பீங்கான் சில்லு ஒண்ணு, சதுரமா, பெருவெரல் அகலத்துக்கு. அது மொகத்துல வெள்ளி பூசியிருக்கு, நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சொட்டு ஈயப் பத்து. அதுக்கடியில சின்னதா ஒரு பச்சை போர்டு. மிச்சம் பூராவும் காத்து. பையன் எட்டிப் பாத்துட்டு, "இம்புட்டுதானா அண்ணே?"ங்கான். மெக்கானிக்கு ஒண்ணும் பேசல. பக்கத்துல செத்துக் கெடந்த ஜி.பி.எஸ். பெட்டி ஒண்ண எடுத்து, முதுகுல நாலு ஸ்க்ரூவக் கழட்டி, உள்ள இருக்க சில்லையும் காட்டுனான். அதே பீங்கான். அதே வெள்ளி. ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சான். பையன் திருப்பித் திருப்பிப் பாக்கான், எது வெலை கூடுனதுன்னு. அவன் மொகத்த நீ பாத்துருக்கணும்.

"வெளி ஆண்டெனாவுல ஆம்ப்ளிஃபயர் இருக்கு"ம்பான் கடைக்காரன். இருக்கு, பொய் சொல்லல. எதுக்கு வச்சிருக்கான்னு கேட்டியா? கூரையில இருந்து கேபினுக்கு நீளமா கேபிள் போவுது. போற வழியில சிக்னல் தேயும். அந்தத் தேய்மானத்த ஈடு கட்டத்தான் அங்கனயே தூக்கி விடுதான். கேபிளே இல்லாதவனுக்குத் தேய்மானம் ஏது? நோயையும் வித்து மருந்தையும் விக்கான்னு சொல்ல வரல. சொன்னாலும் தப்பில்ல.

சரி, கூரைக்கு வருவோம். பைபர் கூரையா? அது மறிக்காது, சிக்னல் பாட்டுக்கு எறங்கி வரும். பிளைவுட்டுல பைபர் பூசுனதா? அதுவும் விடும். கண்ணாடி விடும். இரும்புத் தகடு விடாது. அலுமினியம் விடாது. வெளிநாட்டுப் பணக்காரன் பந்தயப் பாய்ப்படகுல கார்பன் ஃபைபர்னு ஒண்ணு போடுதான், அதுவும் விடாது. அது ஒனக்கும் எனக்கும் தேவையில்லாத கவலை. நமக்கு உள்ள கவலை தார்ப்பாய். கேபினுக்கு மேல தார்ப்பாய விரிச்சு, அதுல மழைத் தண்ணி தேங்கி நின்னா, அந்தத் தண்ணி கொஞ்சத்தக் குடிச்சிரும். மனுசன் ஒடம்பும் பாதிக்கு மேல தண்ணிதானே? ஜி.பி.எஸ். கைப்பெட்டிய இடுப்புல செருகிக்கிட்டு "சிக்னல் போச்சு, சிக்னல் போச்சு"ன்னு ஒருத்தன் கத்துதான். ஒன் தொப்பைதாம்லே மறைக்கு, வெளிய எடுன்னேன். எடுத்தான். வந்துச்சு. நன்றி சொன்னானா? இல்ல. தொப்பைன்னு சொன்னதுக்குக் கோவம்.

இப்போ ஒண்ணு செய்யி. இதுக்கு அஞ்சு பைசா செலவில்ல, அதனால ஒனக்குப் புடிக்காது. இருந்தாலும் செய்யி. பெட்டிய எங்க வைக்கப் போறியோ அங்கனயே வச்சு ஆன் பண்ணு. சாட்டிலைட்டு காட்டுற பக்கம் ஒண்ணு இருக்கும், கம்பி கம்பியா ஏறி நிக்கும். அவசரப்படாத. பீடி குடிக்கவன் ஒரு பீடி குடிக்கலாம், நீ குடிக்காத. கம்பி ஏறி எறங்கி ஒரு நெலைக்கு வந்ததும் எத்தன நிக்குன்னு எண்ணிக்க. அப்புறம் பெட்டிய வெளிய தூக்கிட்டு வந்து, திறந்த வானத்துல வச்சு அதே மாதிரி எண்ணு. நாலு சாட்டிலைட்டு கெடைச்சாதான் கணக்கே போட முடியும். நாலே நாலு வச்சுக்கிட்டு ஆழ்கடலுக்குப் போவாத, எட்டு பத்தாவது ஒறப்பா நிக்கணும். உள்ளயும் வெளியயும் ஏறத்தாழ ஒண்ணா? காச மடியில முடி. உள்ள பாதிக் கம்பி படுத்துக் கெடக்கா? வெளி ஆண்டெனா வாங்கு, நான் தடுக்கல.

ஒரு விசயம். துறைமுகத்துக்குள்ள ரெண்டு பக்கமும் இரும்பு போட்டு ஒரசிக்கிட்டு நிக்கும்போ இந்தச் சோதனையப் பண்ணிட்டு வந்து "பாட்டா சொன்னது சரியில்ல"ன்னு சொல்லப்படாது. அதுக ஒயரத்துக்கு நின்னு வானத்த ஒரு பக்கம் மறிக்கும். அலைத் தடுப்புக்கு அங்கிட்டுப் போயும் ஒரு தடவ எண்ணிப் பாரு.

தேங்காப்பட்டணத்துல இருந்து வாரக்கணக்குல ஆழ்கடல் தங்கப் போறவன், இரும்புல கேபின் கட்டினவன், அவன் வெளிய மாட்டியே ஆவணும். அதுல பேச்சே இல்ல. காலையில போயி மத்தியானம் கரை பிடிக்குற பைபர் வள்ளக்காரன், கூரையே இல்லாதவன், அவனுக்கு எதுக்குக் காளான்? திறந்த வள்ளத்துல வெளி ஆண்டெனா மாட்டியிருக்கவன நான் பாத்துருக்கேன். வெளியவே உக்காந்திருக்கவனுக்கு இன்னும் எந்த வெளிலே வேணும்?

மாட்டணும்னே ஆச்சுன்னு வை. எங்க மாட்டுவ? சொல்லு, எனக்குத் தெரியும். கம்பத்து உச்சியில! கொடிக்கும் மேல! பக்கத்து வள்ளக்காரனுக்குத் தெரியணும்லா. லேய், காத்தடிக்கும்போ தென்னை உச்சியில ஏறி இருந்து பாத்துருக்கியா? அடிமரம் சும்மா நிக்கும், உச்சியில ஒனக்குக் கொடல் வாய்க்கு வரும். கணக்குச் சொல்லுதேன் கேளு. பத்து மீட்டர் கம்பம். போட்டு ஒரு பக்கம் இருவது டிகிரி சாயுது. உச்சி மூணரை மீட்டருக்குக் கிட்ட நகந்துரும். அடுத்த அலைக்கு அந்தப் பக்கம் மூணரை. கூட்டுனா ஏழு. மூணு நொடியில ஏழு மீட்டர் நகருதுன்னா, அந்த ஆட்டத்தோட வேகமே நாலஞ்சு நாட் வந்துரும். மடி இழுக்கும்போ ஒன் போட்டு போறதே ரெண்டு மூணு நாட்தான். அப்போ பெட்டி எதக் காட்டும்? போட்டு போறதையா, கம்பம் ஆடுறதையா? வேகம் கூடுதுங்கும், கொறையுதுங்கும், திசைய அங்க இங்க திருப்பும். நீ பெட்டியத் திட்டுவ. இன்னும் வெலை கூடுன பெட்டி வாங்குவ. அதையும் அதே உச்சியில மாட்டுவ.

கேபின் கூரை மேலயே ஓரமா வை. மூணு மீட்டர் ஒயரத்துல அதே சாய்வுக்கு ஒரு மீட்டர்தான் நகரும். ராடார் சுத்துனா அது வீசுற மட்டத்துக்கு நேர வைக்காத. வயர்லெஸ் கம்பிக்கு ஒரு மீட்டராவது தள்ளி வை. சாட்டிலைட் ஃபோன் ஆண்டெனா இருந்தா அதுக்கும் தள்ளி. ஆளுக மிதிச்சு ஏறுற எடத்துல, நங்கூரம் தூக்குற எடத்துல வைக்காத. போன சீசன்ல விண்டு போன காளானுக்கு நங்கூரம் எப்படி வந்து மோதுச்சுன்னு இப்போ வெளங்குதா?

இனி கேபிள். இதத்தான் எவனும் கேக்க மாட்டான். ஆண்டெனாவப் பத்தி ஊரு கூடிப் பேசும், கேபிளப் பத்தி யாரு பேசுதா? கடல்ல சாவுறது ஆண்டெனா இல்ல மக்கா, கேபிள் முனைதான். கனெக்டர்ல உப்புக்காத்து ஏறும். மொதல்ல பளபளன்னு இருக்கும், அடுத்த வருசம் மங்கும், அதுக்கடுத்து பச்சை பூக்கும். பெட்டி "சிக்னல் இல்ல"ங்கும். ஒடனே நம்மாளு என்ன பண்ணுவான்? புது ஆண்டெனா வாங்குவான். பழைய கேபிள்லயே மாட்டுவான்! சவம், பச்சையச் சொரண்டிப் போட்டாலே பாதிச் சீக்கு தீரும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. கேபிள் நீளமா இருக்குன்னு வெட்டும். இல்ல, பத்தலைன்னு நடுவுல முறுக்கி ஒட்டும். மேல கறுப்பு இன்சுலேஷன் டேப்ப ஒரு சுத்து. இதென்ன வீட்டு மாட்டுக்கொட்டாய்க்கு லைட்டு இழுக்கதா? அந்தக் கேபிளுக்கு நடுவுல ஒரு கம்பி, அதச் சுத்தி ஒரு வெள்ளைச் சதை, அதுக்கு மேல வலைப்பின்னல். அந்த அளவு கெட்டுப் போனா சிக்னல் அந்த முடிச்சுலயே திரும்பிப் போயிரும். அதே ஒயர்லதான் மேல இருக்க ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டும் போவுது. பின்னல்ல ஒரே ஒரு மயிர்க்கம்பி நடுக்கம்பியத் தொட்டா கரண்டு அங்கனயே கட். மிச்சம் இருந்தா ஒரு பெரிய வட்டமாச் சுத்திக் கேபின் மூலையில தொங்க விடு, யாரு வேண்டாம்னது? வெளிய கனெக்டர் இருந்தா, இழுத்துச் சுத்துனா தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பு ஒண்ணு இருக்கு, அதச் சுத்து. கேபிள் உள்ள நுழையுற ஓட்டைக்கு மின்னாடி கொஞ்சம் கீழ தொங்க விட்டு மேல ஏத்து. தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிப் போவும், ஓட்டைக்குள்ள எறங்காது. இதுக்கு எந்தக் கடையிலயும் பில்லு போட மாட்டான், அதனாலதான் ஒருத்தனும் சொல்லித் தரல.

டி.வி. வச்சிருக்கியா போட்டுல? இல்லையா? நல்லது. அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல, மாஸ் லாண்டிங்னு ஒரு மீன்பிடித் துறைமுகம். 2001ல அங்க ஜி.பி.எஸ். செத்துப் போச்சு. ஒரு போட்டுல இல்ல, துறைமுகத்துக்கே. உள்ள ஆண்டெனாக்காரனுக்கும் போச்சு, வெளி ஆண்டெனாக்காரனுக்கும் போச்சு, வெலை கூடுனதுக்கும் போச்சு. படிச்சவங்க வந்து, கருவி வச்சுத் தேடு தேடுன்னு தேடுனா, கடைசியில அகப்பட்டது என்ன? போட்டுல மாட்டியிருந்த டி.வி. ஆண்டெனா! ஆம்ப்ளிஃபயர் வச்ச ஆண்டெனா, கோட்டி பிடிச்சு அதுவே சிக்னல் கெளப்பிக்கிட்டு இருந்துருக்கு. டி.வி.யப் போடக்கூட வேண்டாம், ஆண்டெனாவுக்குக் கரண்டு கெடைச்சா போதுமாம். அவங்க கடலோரக் காவல் படையே அத ஒரு எச்சரிக்கையா வெளியிட்டுச்சு. படம் பாத்தவன் ஒருத்தன், வழி தெரியாம முழிச்சவன் நூறு பேரு. ஒனக்கு என்னைக்காவது துறைக்குள்ள மட்டும் சிக்னல் போயி, வெளிய வந்ததும் வந்தா, ஆண்டெனாக் கடைக்கு ஓடாத. சுத்தி நிக்கவன் கூரையப் பாரு.

அப்புறம் இந்தத் துல்லியம், துல்லியம்னு ஒண்ணு. "பாட்டா, வெளிய மாட்டுனா ரெண்டு மீட்டர் கூடத் துல்லியமா வரும்." ஏய், ஒன் வள்ளமே முப்பது அடிக்கு மேல! அணியத்துல நிக்கவனுக்கும் எஞ்சின் பக்கம் நிக்கவனுக்கும் நடுவுலயே பத்து மீட்டர் கெடக்கு. 2000ஆம் வருசம் மே 2 வர அமெரிக்காக்காரன் வேணும்னே சிக்னலக் கலக்கி வச்சிருந்தான், நூறு மீட்டர் வர தப்பும். அன்னைக்கும் நம்மாளு கடலடியில மீன் கூடுற பாரு தேடிப் போயி மீனோடதான் திரும்புனான். கரைக்கிட்ட இருக்க பாருக்கு மருந்துவாழ்மலையும் மாதா கோயில் கோபுரமும் ஒண்ணுக்கு நேர ஒண்ணு வந்தா ஒரு கோடு, இந்தப் பக்கம் இன்னொரு மலையும் தென்னந்தோப்பும் சேந்தா இன்னொரு கோடு. அதுக்கு பேட்டரி கெடையாது, கேபிள் கெடையாது. மூடாப்பு போட்டா தெரியாது, அது ஒண்ணுதான் கொறை.

இப்போ திறந்த வானத்துல அஞ்சு மீட்டர் சுமாருக்கு எந்தப் பெட்டியும் காட்டும். ஜி.பி.எஸ். தப்பத் திருத்திச் சொல்லுறதுக்கு நம்ம நாட்டுது ககன்னு ஒண்ணு இருக்கு, அது கெடைச்சா இன்னும் கிட்ட வரும். அதுல ஒரு சாட்டிலைட்டு 83 டிகிரி கிழக்குல நிக்கு, நம்ம ஊருக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல. அதக் கேக்கக் கம்பத்துல ஏற வேண்டாம். ஒன் பெட்டி அதக் கேக்குமா, செட்டிங்ல ஆன் பண்ணி இருக்கான்னு மட்டும் பாரு.

நீ புள்ளிக்கு அப்புறம் வர்ற மூணாவது எண்ண வச்சுத்தான் பெருமையடிக்க, தெரியும். அட்சரேகையில ஒரு மினிட்டுன்னா 1,852 மீட்டர். அந்த மூணாவது எண்ணு ஒண்ணு மாறுனா ரெண்டு மீட்டர்கூட இல்ல. அத நோட்டுல எழுதி, யாருக்கும் தெரியாம மறைச்சு வைக்க. வச்சுக்க. ஆனா ஒன் மச்சானுக்கு அதப் படிச்சுச் சொல்லும்போ எப்படிச் சொன்ன? 8 டிகிரி, 10 புள்ளி 50 மினிட்டுன்னு நீ சொன்ன. அவன் பெட்டி செகண்டுல ஓடுது, 10 மினிட்டு 50 செகண்டுன்னு போட்டான். வித்தியாசம் எம்புட்டு தெரியுமா? அறுநூறு மீட்டருக்கு மேல! அவன் பூரா நாளும் வெறும் மணல்ல தூண்டி போட்டுட்டு வந்து, நீ வேணும்னே ஏமாத்திட்டன்னு பெண்ணெடுத்த வீட்டுல சண்டை. இதுக்கு எந்த ஆண்டெனா வாங்குவ?

எல்லைக்கோடு சங்கதியும் அப்படித்தான். 1974லயும் 1976லயும் இந்தியா, இலங்கை ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுக் கோடு கிழிச்சுட்டாங்க. கோடு எங்கன இருக்குன்னு ராமேஸ்வரத்துக்காரன் பெட்டிக்கு மீட்டர் கணக்குல தெரியும். மீனுக்குத்தான் தெரியல. அதப் பத்தி நான் பேசுனா விடிஞ்சிரும், விடு.

ஓகி புயல் வந்துச்சே, 2017 நவம்பர் 30. அன்னைக்குக் கடல்ல கெடந்தவங்ககிட்ட ஜி.பி.எஸ். இல்லையா? இருந்துச்சு மக்கா. தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுது. என்ன வருதுன்னு சொல்லத்தான் ஒரு வழி இல்ல. கரையில இருந்து தூரமாப் போனவனுக்கு ஃபோனும் எட்டாது, வயர்லெஸ்ஸும் எட்டாது. அதுக்கப்புறம்தான் ஜெமினின்னு ஒரு பெட்டி 2019ல வந்துச்சு, சாட்டிலைட்டு வழியா புயல் சேதி சொல்ல. இப்போ கடல்ல இருந்து நாமளும் சேதி அனுப்ப டிரான்ஸ்பாண்டர் குடுக்காங்க. அதோட ஆண்டெனாவக் கூரையில நல்ல எடத்துல வை. ஜி.பி.எஸ். காளானுக்கு உச்சியும் டிரான்ஸ்பாண்டருக்கு வலைக்குவியல் மறைவும் குடுத்து வச்சிருக்கவன இந்தத் துறையிலயே காட்டுதேன் வா.

அப்போ நீ என்ன வாங்கணும்னு கேக்குத. ஒன் வள்ளம் பைபர், அந்தக் கேபினும் பைபர்தான், நான் நேத்தே தட்டிப் பாத்துட்டேன். பெட்டிக்குள்ள இருக்கதே போதும். அந்தக் காளானுக்கு வச்ச காசுல, பேட்டரி போட்டு ஓடுற கைப்பெட்டி ஒண்ணு வாங்கு. அதுக்கும் உள்ள ஆண்டெனாதான். வள்ளத்துக் கரண்டு மொத்தமா படுத்தாலும் அது எந்திரிச்சு நிக்கும். பேட்டரி ரெண்டு செட்டு கூடுதலா வாங்கி, தண்ணி புகாத டப்பாவுல போடு. திசைகாட்டிக் கண்ணாடியில ஒட்டியிருக்க ஸ்டிக்கரக் கிழி, முள்ளு தெரியட்டும். பக்கத்துல ஸ்பீக்கர் வச்சிருக்கியே, அதுல காந்தம் இருக்கு, அத அங்கிட்டுத் தள்ளு. ரப்பர் டேப்பும் மறந்துராத.

என்ன, மொகம் வாடிப் போச்சு? பக்கத்து வள்ளத்துல காளான் நிக்குதேன்னா? அப்படி ஆசையா இருந்தா வெறும் மூடிய வாங்கி ஒட்டிக்க. அந்த ரிப்பேர் கடையில விண்டு போனது இன்னும் கெடக்கு, சும்மாவே தருவான். உள்ள இருக்கது பூரா காத்துதானே, எவனுக்குத் தெரியப் போவுது? ஆனா அங்க போனா என் பேரச் சொல்லிராத. ஒரு கனெக்டருக்கு நான் அவனுக்கு இன்னும் காசு குடுக்கல.